கண்ணாடி அறையில் ஒரு குறை

"குளிக்கிற கண்ணாடி அறைக்கு இன்னாத்துக்குய்யா வாசப்படி?"

பலராமன் போட்ட சத்தத்தில், கடையில் டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"தண்ணி வெளியே வராம இருக்க ஒரு சின்ன வரம்பு, மண்டிக்காரரே. எல்லா மாடலுக்கும் இருக்கும்," என்றார் கடைக்காரர் வீரேந்திரன்.

"கால் தடுக்கும். எடுத்துடு. தரையைச் சரிவாப் போட்டா தண்ணி தன்னால ஓடுது."

அவர் மனைவி திரௌபதி தலையைக் குனிந்துகொண்டாள். இந்த மனுஷனோடு கடைக்கு வந்தால் இதே கூத்துதான்.

மல்லாக்கொட்டை மூட்டை தூக்கிய தோள் அது. இன்றைக்குச் சொந்தக் கடலை மண்டி, வேங்கிக்காலில் மாடி வீடு. குரல் மட்டும் இன்னும் மூட்டை தூக்குகிற குரல்தான்.

எதிர்வீட்டு ஆபீசர் குளியலறையில் கண்ணாடி அறை வைத்தாராம். அவ்வளவுதான். இவரும் நன்றாக இருந்த கீழ்வீட்டுக் குளியலறையை இடித்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"கதவு உள்பக்கமா திறக்குது. வெளிப்பக்கமா திறக்கணும்."

"வெளியே திறந்தா தரையெல்லாம் தண்ணி சொட்டும்ங்க."

"சொட்டட்டும். உன் வீட்டுத் தரையா?"

வீரேந்திரன் சிரித்துச் சமாளித்தார். "கண்ணாடி இது பாருங்க, பளிங்கு மாதிரி. ஆபீசர் இதைத்தான் எடுத்தாரு."

"குளிக்கிறதை ஊருக்குக் காட்டணுமா? மூடுபனி மாதிரி இருக்கணும். நீ உள்ளே போய் நில்லு."

"நானா?"

"பின்னே, நானா விக்கிறேன்?"

வீரேந்திரன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பலராமன் இரண்டு எட்டு தள்ளி நின்று கண்ணைச் சுருக்கினார்.

"தொந்தி தெரியுது. வேற எடு!"

கடையே சிரித்தது. திரௌபதிக்குச் சிரிப்பு வரவில்லை.

கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மா ராஜம்மாள், பக்கவாதம் வந்து தம்பி வீட்டில் கிடக்கிறாள். தோட்டத்துப் பக்கம் புடவை கட்டிய மறைப்புக்குள் குளியல். அம்மாவைக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதமாக அந்தப் பேச்சு அவள் தொண்டையிலேயே நிற்கிறது.

எப்படிக் கேட்பாள்? கல்யாணத்தன்று பந்தலில் அத்தனை பேர் முன்னால், "குளிக்க ஒரு மறைப்புகூட இல்லாத வீட்டுக்கு என் பொண்ணை அனுப்பறேன்," என்று சொன்னவள் அம்மா. அன்றிலிருந்து பலராமன் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை.

அவர் சரி என்றாலும் அம்மா வரமாட்டாள். மருமகன் வீட்டில் ஒரு வேளைக்கு மேல் கை நனைப்பது அவளுக்குக் கௌரவக் குறைச்சல்.

"உட்கார்ந்து குளிக்கச் சுவரோட ஒரு பலகை வையி. பக்கத்துல புடிச்சுக்கக் கம்பி. வலது பக்கம், இடுப்பு உயரத்துல."

"உங்க உயரத்துக்கு இடுப்பு ரொம்பக் கம்மிங்க. அப்புறம் பலகைக்குத் தனி ரேட்..."

"இவ்ளோ பெரிய கண்ணாடி வாங்கறேன், பலகைக்குத் தனி ரேட்டா? கால் கிலோ கத்திரிக்கா வாங்கினாலே கறிவேப்பிலை கொசுறு குடுக்கற ஊருய்யா இது!"

திரௌபதியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"போதும்ங்க! எதிர்வீட்டுக்காரரை ஜெயிக்க இவ்ளோ ஆட்டமா? அங்க எங்கம்மா கிழிஞ்ச புடவைக்குப் பின்னால ஒத்தக் கையால தண்ணி மொண்டு ஊத்திக்குது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எட்டிப் பார்த்தீங்களா?"

பலராமன் அவளைப் பார்க்காமல் கண்ணாடியையே தடவினார்.

"பார்த்தேன்."

"எப்போ?"

"போன வாரம், அந்தப் பக்கம் மல்லாக்கொட்டை எடுக்கப் போனப்ப. கம்பியை வலது பக்கம் போடச் சொன்னது பின்னே இன்னாத்துக்கு? உங்கம்மாவுக்கு விழுந்தது இடது கைதானே?"

திரௌபதி அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க கூப்பிட்டாலும் அது வராதுங்க."

"தெரியும். எனக்கு மேல வீம்பு புடிச்சது. அதான் வாங்கன்னு கூப்பிடல. சண்டை போட்டேன்."

"படுத்துக் கிடக்கறவங்களோட சண்டையா?"

"ஆமா. 'மறைப்பு இல்லாத வீடுன்னீங்களே அத்தே, இப்ப என் குளியலறைக்கு வந்து ஒரு குறை சொல்லுங்க பார்க்கலாம்'னேன். அவ்ளோதான், எழுந்து உட்கார்ந்துடுச்சு! 'ஆயிரம் குறை சொல்லுவேன்'னுது. குறை கண்டுபிடிக்கிற வரைக்கும் ஊருக்குத் திரும்பக் கூடாதுன்னு பந்தயம். துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டுக் காத்துட்டு இருக்குது."

திரௌபதி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகை என்றால் பலராமனுக்கு ஆகாது. சட்டென்று கடைக்காரர் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"இன்னாய்யா வேடிக்கை? நல்லாக் கேட்டுக்கோ. துளிக் குறை இருக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் ஜெயிச்சுட்டேன்னு சொல்லிட்டு, அந்தம்மா ஊருக்குக் கிளம்பிடும்!"