முகத்துவாரம் வரைக்கும்

கோடை விடுமுறைக்குப் பழவேற்காடு ஏரியைப் பார்க்க வந்த கீதாவுக்குப் படகில் ஏறியதிலிருந்தே எரிச்சல். பறவை ஒன்றையும் காணோம். வெயில் மண்டையைப் பிளந்தது. மகன் ராகுல் பசிக்குது, பசிக்குது என்று நச்சரித்தான். அது போதாதென்று, முன்பலகையில் கூலிங் கிளாஸ் போட்டு உட்கார்ந்திருந்த பெண்மணி படகுக்காரரைப் பிடுங்கியெடுத்தாள்.

"இன்னாய்யா, பலகை பூரா ஈரம்! தொடைக்க மாட்டே?"

"இதோ தொடைக்கிறேம்மா," என்றார் படகுக்காரர் திருவேங்கடம்.

"ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரத்தைப் பாக்காம நான் எறங்க மாட்டேன், ஆமா!"

கீதாவால் பொறுக்க முடியவில்லை. "அண்ணே, படகைத் திருப்புங்க. அந்தம்மா ஒருத்தருக்காக நாங்க எல்லாரும் காயணுமா?"

திருவேங்கடம் எஞ்சினை நிறுத்திவிட்டு அருகில் வந்து குனிந்தார்.

"மீன் புடிக்கிற படகுல எங்க வூட்டுப் பொம்பளைங்க கால் வைக்கக் கூடாதுனு ஊர்க் கட்டுப்பாடும்மா. டூரிஸ்ட்டுக்குத் தடை இல்ல. அதான் சீட்டு வாங்கி டூரிஸ்ட்டா ஏறுனு சொன்னேன். கட்டின நாளா கேட்டுக்கினு இருக்கிறா. இன்னிக்கு வுட்டா, இன்னொரு தபா ஊர்ல வுட மாட்டாங்க. அவ என் சம்சாரம், இருசம்மா."

கீதா ராகுலின் கையில் பிஸ்கட்டைத் திணித்தாள்.

"நேரா ஓட்டுங்கண்ணே."

முகத்துவாரம் வந்தது. இருசம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எழுந்து நின்று, அலை புரளும் இடத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இவ்ளோதானா? தெனம் இங்க வந்துட்டுத்தான், என்னமோ சிங்கப்பூர் போய் வந்தவன் மாரி என்னைக் கால் அமுக்கச் சொல்றியா?"