முப்பது விநாடிக்கு ஒரு தரம்

மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததுமே அவர் சட்டைப்பையில் இருந்த போன் மூன்று முறை கொம்பு ஊதியது.

அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். சண்டைக்கு ஆள் சேர்க்கிறார்கள், வருகிறாயா என்று அந்த ஆட்டம் கூப்பிடுகிற சத்தம்.

"நீங்க கேம் ஆடுவீங்களா?"

கேட்ட பிறகுதான் ஐயோ என்றிருந்தது. படியேறும்போது அம்மா கையைக் கிள்ளி, கேம் பேச்சையே எடுக்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தாள். போன தடவை கருங்குழி வரன் அதனால்தான் தட்டிப்போனது. பெண் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள் என்று எந்தப் புண்ணியவானோ போய் வத்தி வைத்துவிட்டான்.

இவர் ஐந்தாவது. பெயர் ரஞ்சித்குமார். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை.

பத்து நிமிஷம் தனியாகப் பேசிவிட்டு இறங்கினால், பிடித்திருக்கிறதா இல்லையா என்று இந்த முறை நானும் சொல்லலாம். அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். பிடித்திருக்கிறது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பத்து நிமிஷத்தில் ஒரு ஆளைப் பற்றி என்ன மண்ணாங்கட்டி தெரிந்துவிடும்?

"ஆடுவேங்க," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "டேங்க். அடி வாங்குற ஆளு."

"எந்த டேங்க்? தூணா, எருமையா?"

மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் என் முகத்தையே பார்த்தார்.

ஆட்டத்துக்குள் அவற்றுக்கு வாயில் நுழையாத பெயர்கள் உண்டு. ஆடுகிற எங்களுக்கு அவை தூணும் எருமையும்தான். இரண்டுக்கும் ஒரே உயிர், ஒரே கவசம். எருமை ஓடிக்கொண்டே அடி வாங்கும், ஆபத்து என்றால் நகர்ந்துகொள்ளும். தூண் ஓரிடத்தில் தன்னை நட்டுக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவர் மேல் விழ வேண்டிய அடியும் அதன் மேலேயே விழும்.

அவர் தூண்.

"தூணா! அத போய் யாராச்சும் எடுப்பாங்களா?"

நான் வேலை செய்வது திருப்போரூரில் பிளாட் விற்கிற ஆபீஸில். இரண்டு மனைகளை ஒப்பிட்டுக் காட்டுகிற அதே வேகத்தில் விரல்விட்டு அடுக்கினேன். எருமைக்கு வேகத்தில் புள்ளிகளைப் போட்டால் தூணைவிட இரண்டு மடங்கு நேரம் தாங்கும். தூணுக்கு எங்கே போட்டாலும் பின்னால் ஒரு ஹீலர் நின்று வைத்தியம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹீலர் போனால் தூண் காலி.

"கரெக்டுதாங்க," என்று சிரித்தார். "நானே ஒரு தபா மொத்தமா காலியாயிட்டேன்."

சொன்னார். மூன்று மாதத்துக்கு முன்னால். முன்பின் தெரியாத ஐந்து பேர் சேர்ந்து ஆட்டத்தில் வருகிற நாகத்தோடு சண்டை. கூட ஒரு வெள்ளை முடி ஹீலர். பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்த ஹீலர் பாதியில் சிலை மாதிரி நின்றுவிட்டார்.

அடுக்கிக்கொண்டிருந்த விரல்களை மடக்கிக்கொண்டேன்.

மற்ற மூன்று பேரும் கண்டபடி திட்டிவிட்டு ஓடிவிட்டார்களாம். இவர் மட்டும் அந்த ஹீலர் பக்கத்திலேயே நின்று, இருந்த மருந்தையெல்லாம் குடித்து, ஆறு நிமிஷம் அடி வாங்கியிருக்கிறார். சண்டை நேரம் முடிகிற சமயத்தில் உயிர் போயிற்று. செத்தால் போட்டிருப்பதெல்லாம் பறிபோகிற ஆட்டம்; எட்டு மாதமாகச் சேர்த்த கவசமும் போயிற்று.

"அந்த ஹீலருக்கு?"

"அவங்களுக்கு ஒண்ணும் ஆவல. அவங்க பொருள் எல்லாம் அப்டியே கீது."

"நீங்களும் ஓட வேண்டியதுதானே?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நட்டா நகர முடியாதேங்க. மாட்டிகினேன்."

பொய்.

தூண் நட்டுக்கொள்வது முப்பது விநாடிதான். பிறகு தானாக விடுபட்டுவிடும். வேண்டுமென்றால் மறுபடி பொத்தானை அழுத்தி நட்டுக்கொள்ள வேண்டும். ஆறு நிமிஷம் என்றால் பன்னிரண்டு தரம். ஒவ்வொரு தரமும் ஓடிப்போக வழி இருந்தது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டு, மாட்டிக்கொண்டேன் என்கிறார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான்கு வரன் தட்டிப்போனபோது வராத அழுகை.

"வூட்ல எதனா அவசரமா இருந்திருக்கும்," என்றார். "அப்புறம் அவங்க ஆட வரவே இல்ல. இன்னா ஆச்சோ பாவம்."

கீழே இருந்து அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பத்து நிமிஷம் முடிந்துவிட்டது. பேசாமல் இறங்கினால் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால், எட்டு மாத உழைப்பைத் தொலைத்தவருக்கு என்னைப் பிடிக்குமோ பிடிக்காதோ.

ஆனது ஆகட்டும்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம. ஆறு மணிக்கு மேலதான் வரதா சொல்லியிருந்தாங்க," என்றேன். "ராகுகாலத்துக்கு முன்னாடியே உள்ள நுழைஞ்சிடலாம்னு நாலேகாலுக்கே வாசல்ல வந்து நின்னுட்டாங்க. அம்மா போட்ட சத்தத்துல ஆட்டத்த அப்படியே விட்டு, போனை அரிசி டப்பாவுக்குள்ள போட்டுட்டு பொடவ கட்ட ஓடினேன்."

அவர் புரியாமல் பார்த்தார். "யாருங்க வந்தாங்க?"

"மாப்பிள்ள வூட்டுக்காரங்க."

நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

அம்மா மறுபடியும் கூப்பிட்டாள்.

அவர் எழுந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப்பார்த்தார்.

"இன்னும் பத்து நிமிஷம் ஆவும், அத்த."