சுவரில் இடமில்லை

பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியருக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. மாலை வெயில் ஜன்னல் வழியே வந்து விழச் சுவர் தேடுகிறது, எங்கும் படங்கள். புதிதாக வரைகிறவர்களின் முதல் படத்தை வாங்கி வீட்டில் மாட்டுவது அவர் வழக்கம். அங்கே மாட்டினால்தான் ஓவியர் என்று ஊர் ஒப்புக்கொள்ளும். குளியலறைச் சுவரில்கூட நாலு பேர் நனைந்தபடி புகழோடு இருக்கிறார்கள். இன்று வந்திருக்கும் பெண், தன் நீலநிற ஓவியத்தைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு சுவர்களைச் சுற்றிப் பார்க்கிறாள். முகம் வாடிவிடுகிறது.

“பரவாயில்ல சார், அப்புறமா வரேன்.”

“அப்புறம்னா? என் வயசு தெரியும்ல?” கட்டிலில் படுத்திருக்கும் பேராசிரியர் விரலை நேர் மேலே நீட்டுகிறார். “அங்க காலியாத்தானே இருக்கு? நாள் முழுக்க நான் பார்க்கறது அந்த வெள்ளையடிச்ச கூரையைத்தான். அதுக்கு விமர்சனமே எழுதி முடிச்சாச்சு.”

“தலைல விழுந்தா?” என்கிறார் மாத்திரையோடு நிற்கும் மனைவி.

“கலைக்காக உயிரைக் குடுத்தார்னு பேப்பர்ல போடுவாங்க. இல்லன்னா மலச்சிக்கல்னு போடுவாங்க.”

“பெரிய தியாகி! கால் பக்கமா மாட்டும்மா.”

அவள் ஏணியில் ஏறி நான்கு மூலையிலும் திருகாணி முடுக்குகிறாள். “நேரா இருக்கா சார்?”

“நின்னா தெரியாது. படுத்துப் பாரு.”

அவள் தயங்குகிறாள். மனைவி முதலில் கட்டிலில் சாய்ந்து, கணவரை ஓரமாகத் தள்ளி, “என் பக்கம் வாம்மா” என்று இழுத்துக்கொள்கிறார். கட்டில் முனகிவிட்டு ஒத்துக்கொள்கிறது. மூவருக்கும் மேலே நீலம். யாரும் எழுந்திருப்பதாக இல்லை.