சார் வருவதற்குள்

"சாவி சார்கிட்ட இருக்கு. சார் பிளைட்ல இருக்கார். நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

வாரப் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னாள் மேடம். சமையல்கார அக்கா நகரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஹாலுக்கு வந்திருந்தாள்.

"போன வாரமே கேட்டேன் மேடம். சார் வரட்டும்னீங்க. வந்தார், பாக்கலாம்னார், மறுபடி கிளம்பிப் போயிட்டார். இன்னிக்கு நாலு மணிக்குக் கவுன்டரை மூடினா அவ்வளவுதான். அப்புறம் மனு வாங்க மாட்டாங்க."

"ஜெராக்ஸ் இருக்குல்ல? அதைக் குடுங்க."

"ஒரிஜினல் பாஸ்போர்ட்டோட ஆளே நேர்ல வரணுமாம். ஜெராக்ஸை வெச்சு நாக்கு வழிக்கச் சொல்லிட்டாங்க."

வேலைக்குச் சேர்ந்த அன்று சார் வாங்கி வைத்த பாஸ்போர்ட். படுக்கையறை அலமாரிக்குள், சுவரில் பதித்த லாக்கர். அக்கா தினமும் அதன் கதவைத் துடைக்கிறாள், திறந்து பார்த்ததில்லை.

பல வருடங்களாக இந்த நாட்டிலேயே இருக்கும் வெளியூர்க்காரர்களுக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி தரப்போவதாகச் சில மாதங்களுக்கு முன் அறிவித்திருந்தார்கள். அக்காவின் கணவருக்கு அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. நகரத்தின் மறுகோடியில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலை. ஆனால் அக்காவின் விசா இந்த வீட்டோடு கட்டிப்போட்டது. வெளியே தங்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் பூங்காவில் சந்தித்துக்கொள்வார்கள். மனு போட்டால் ஒரே கூரைக்குக் கீழே வாழலாம். போடாவிட்டால் அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிந்ததும் அவள் மட்டும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"உங்க வீட்டுக்காரர் ஏத்தி விடுறாராக்கும்?" என்றாள் மேடம்.

"அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா, நான் ஏன் இன்னும் பார்க் பெஞ்சுல குடித்தனம் பண்றேன்?"

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்திரிகையை உயர்த்தி மறைத்துக்கொண்டாள்.

"சிரிங்க. ஆனா ஒண்ணு மேடம், அந்த ஆபீஸ்லயே விசாரிச்சிட்டேன். ஒருத்தர் பாஸ்போர்ட்டை இன்னொருத்தர் வாங்கிப் பூட்டி வெச்சா, அது குத்தம்."

பத்திரிகை மெல்லக் கீழே இறங்கியது.

"யார் வெச்சாலுமா?"

"யார் வெச்சாலும்."

"மனுவுல சார் கையெழுத்து வேண்டாமா?"

"யார் கையெழுத்தும் வேண்டாம். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷம் ஆயிருந்தா போதும்."

"வீட்டுக்குப் போன் பண்ணி விசாரிப்பாங்களா?"

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்கு வீட்டுப் பேர் கெடக் கூடாது, அதுதான் கவலை.

"பண்ண மாட்டாங்க. உங்க வீட்டைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன், போதுமா?"

மேடம் எழுந்து படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவ்வளவுதான் என்று நினைத்தாள் அக்கா. சமையலறைக்குப் போய் வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். யாராவது கேட்டால் காரணம் சொல்ல வசதியாக இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. கையில் கருவிப் பெட்டியோடு ஒருவர்.

"லாக்கர் சாவி தொலைஞ்சிடுச்சுன்னு போன் வந்துச்சே?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். மேடம் பின்னால் நின்றிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"ஆமா, இங்கதான். வாங்க."

பூட்டுக்காரர் லாக்கரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "வீட்டுக்காரங்க நீங்கதான்னு எதையாவது காட்டுங்கம்மா. யார் வீட்டு லாக்கரையோ திறந்துட்டு நான் கம்பி எண்ணக் கூடாதுல்ல?"

மேடம் கையைப் பிசைந்தாள். அக்காதான் சுவரைக் காட்டினாள். "அந்தக் கல்யாண போட்டோவுல யாரு நிக்கிறா, பாருங்க."

அவர் போட்டோவையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுல கொஞ்சம் பூசினாப்பல இருக்காங்க."

"பழைய போட்டோ," என்றாள் மேடம்.

துளைபோடும் மெஷின் அலறி ஓய்ந்ததும் லாக்கர் கதவு தொங்கியது. மேடம் யாரையும் நெருங்கவிடாமல் தானே கைவிட்டுத் துழாவி, ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். அக்கா பிரித்துப் பார்த்தாள். தன் முகமேதான், இளமையாக.

"சார் வந்து கேட்டா என்ன மேடம் சொல்லுவீங்க?"

"ராத்திரிதானே வர்றார். நீங்க கிளம்புங்க. முதல்ல அந்த ஏப்ரனைக் கழட்டுங்க, அங்க சமைக்கவா கூப்பிட்டாங்க?"

அக்கா ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். வாரம் தவறாமல் பூங்காவில் உட்கார்ந்து, 'கல்நெஞ்சுக்காரி' என்று கணவரிடம் கரித்துக் கொட்டியது இந்த மனுஷியையா?

தெருமுனையில் டாக்சி கிடைத்தது. ஏறி உட்கார்ந்து கிளம்பும் நேரத்தில், யாரோ கண்ணாடியைப் படபடவென்று தட்டினார்கள்.

மேடம். வீட்டுச் செருப்போடு மூச்சிரைக்க ஓடி வந்திருந்தாள்.

மனசை மாற்றிக்கொண்டுவிட்டாள். அக்கா பாஸ்போர்ட்டை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். "இனி தர மாட்டேன் மேடம். சார்கிட்ட என்ன வேணா சொல்லிக்கங்க."

மேடம் கதவைத் திறந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா," என்று ஏறி அமர்ந்தவளின் கையில் இன்னொரு பாஸ்போர்ட் இருந்தது. "கல்யாணம் ஆன மறுநாளே என்னோடதை வாங்கிப் பூட்டிட்டார். நாலு மணிக்குள்ள ரெண்டு பேரும் போயிடலாம்ல?"