மூன்று பாட்டில் தண்ணீர்

“எல்லாரும் கண்ணை மூடிக்கங்க. மனசுல இருக்கிற பாரத்தை அப்படியே மூச்சோட வெளிய விடுங்க,” என்றார் சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர்.

பீங்கான் கம்பெனியின் பேக்கிங் கொட்டகையில், வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்த நாற்பத்திரண்டு பேரும் மூச்சை விட்டார்கள். தூசி பறந்தது. பாதிப் பேர் தும்மினார்கள்.

மேனேஜர் தேவநாதன் அதையும் புது டிஜிட்டல் கேமராவில் படமெடுத்துக்கொண்டார்.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் இப்படி ஒரு பயிற்சி நடப்பது இதுதான் முதல் தடவை என்று வாசலில் கட்டியிருந்த பேனர் சொன்னது. ‘மன அழுத்தமில்லாத தொழிலாளி, மகிழ்ச்சியான தொழிற்சாலை.’ பேனரில் முதலாளி நடராசன் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார்.

எல்லாம் கொளஞ்சியம்மாளால் வந்தது.

போன மாதம் அவள் சூளைக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். அன்று பார்த்து, மும்பையிலிருந்து சரக்குப் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். உங்கள் தொழிலாளர் நலனுக்கு என்ன செய்கிறீர்கள் என்று ஊருக்குப் போய்க் கடிதம் எழுதிவிட்டார்கள்.

உடம்பில் தண்ணீரே இல்லை என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் எழுதியிருந்தார். முதலாளி சீட்டைப் படித்தார். எல்லாம் டென்ஷனால் வருவது என்று முடிவு செய்தார்.

பயிற்சியாளர் ஆளுக்கொரு நீல பாட்டில் கொடுத்தார். ஒரு லிட்டர் பிடிக்கும். கம்பெனி பெயர் அச்சடித்து, தண்ணீர் நிரப்பியே வைத்திருந்தார்கள்.

“ஒரு நாளைக்கு இதுல மூணு பாட்டில் குடிங்க, பாதி டென்ஷன் ஓடிப்போயிடும். எங்க, இப்பவே ஒண்ணு!”

ஆண்கள் அண்ணாந்து குடித்தார்கள். பெண்கள் பதினாறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆதிலட்சுமி பாட்டில் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பினிஷிங் பிரிவில் பதினோரு வருடமாக ஈர ஸ்பாஞ்சால் பீஸ் தேய்க்கிறவள். காலையில் கம்மாபுரத்தில் பஸ் ஏறுமுன் அரை டம்ளர் டீ. அதற்கப்புறம் சாயங்காலம் வீடு திரும்பும்வரை தண்ணீரைத் தொட மாட்டாள்.

கொட்டகைக்குப் பின்னால் கருவேலம் புதர் இருந்தவரை அப்படியில்லை. அந்த மறைவை வெட்டிப் புதுக் குடோன் கட்டி, லாரிகள் வந்து நிற்க ஆரம்பித்த பிறகு வந்த பழக்கம். நீர்க்கடுப்புக்கு இதுவரை மூன்று முறை ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

தேவநாதன் கேமராவை இறக்கினார். “படத்துல எல்லாரும் குடிக்கிற மாதிரி வரணும்மா. குடிங்க.”

குடித்தார்கள். ஆதிலட்சுமி கடைசிச் சொட்டுவரை குடித்தாள். வேலை நேரத்தில் தண்ணீர் இவ்வளவு ருசியாக இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அடுத்தது சிரிப்புப் பயிற்சி. அப்புறம் கைதட்டும் பயிற்சி. பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்துவிடும் பயிற்சி ஒன்றும் இருந்தது. ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அதை அவசரமாகக் கைவிட்டார்கள்.

சிரிக்கச் சொன்னபோது கொளஞ்சியம்மாள் சிரிக்கவில்லை. காலை இறுக்கிக்கொண்டு ஆதிலட்சுமியின் காதோரம் சொன்னாள்: “சிரிச்சா வந்துடும்டி.”

ஒரு மணி நேரம் போனது.

கடைசியாகப் பயிற்சியாளர் கையை விரித்தார். “உங்க மனசுல இருக்கிற ஒரே ஒரு கஷ்டம். பயப்படாம சொல்லுங்க. மொதலாளியே முன்னால உக்காந்திருக்காரு.”

யாரும் வாய் திறக்கவில்லை. முதலாளி பெருமையாகத் தலையாட்டிக்கொண்டார்.

ஆதிலட்சுமி எழுந்தாள்.

“ஒண்ணுக்குப் போவணுங்க.”

கொட்டகையே சிரித்தது. இத்தனை நேரம் பயிற்சி கொடுத்தும் வராத சிரிப்பு. பயிற்சியாளருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. “போயிட்டு வாங்கம்மா. இதுக்கெல்லாமா கேப்பாங்க?”

“எங்கங்க போவறது?”

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆதிலட்சுமி நின்று பார்த்தாள். நடந்தாள்.

கொட்டகையைத் தாண்டி, ஆபீஸ் படியேறி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, முதலாளியின் ஏசி அறைக்குள் நுழைந்தாள். அதற்குள் இன்னொரு கதவு இருப்பது, பெருக்கித் துடைக்கப் போன எல்லாப் பெண்களுக்கும் தெரியும். திறந்தாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ. பெரியவளுக்குப் பத்தாவது பரீட்சை வருகிறது. எல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அடிவயிறு அதையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை.

வெளியே காலடிச் சத்தம். ஒருத்தி இல்லை, பலர். அடுத்தது தான்தான் என்று கொளஞ்சியம்மாள் யாரிடமோ சண்டை பிடிப்பது கேட்டது.

கதவு தடதடத்தது. தேவநாதன்.

“யாரும்மா உள்ள? இது மொதலாளி பாத்ரூமு!”

“ஆளு இருக்குதுங்க,” என்றாள் ஆதிலட்சுமி.

வேலைப் பழக்கத்தில் அவள் விரல் தன்னால் விளிம்பைத் தடவிப் பார்த்தது. மேடு இல்லை, பிசிறு இல்லை. அவள் தேய்த்ததுதான்.

அந்தக் கம்பெனியில் வேறெதுவும் செய்வதில்லை. நாளொன்றுக்கு அறுபது கக்கூஸ் பீங்கான். பதினோரு வருடமாக அத்தனையும் அவள் கையைத் தாண்டித்தான் ஊர் ஊராகப் போகின்றன.

ஒன்றின்மேல் அவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.