'இல்லை' சொல்லும் வகுப்பு

"மூணே நாள்தான் இருக்கு சார். வேற ஒண்ணும் வேணாம். இங்கிலீஷ்ல 'இல்லை'ன்னு சொல்ல மட்டும் பழக்கிவிடுங்க, அம்புட்டுப் போதும்."

நூல் மில் மேனேஜர் விக்னேஷ்குமார் இப்படிச் சொன்னதும் அப்துல் ஹாதி விழித்தார். திண்டுக்கல்லில் பத்து வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறவர். இப்படி ஒரு பாடத்திட்டத்தை அவர் கண்டதில்லை.

மேனேஜர் விளக்கினார். நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வருகிறார். மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண்களிடம் நேரில் விசாரிப்பார். ஓவர்டைம் கட்டாயமா, யாராவது திட்டுகிறார்களா, அடிக்கிறார்களா என்றுதான் இந்த மாதிரி ஆட்கள் கேட்பது வழக்கம். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டால் ஆர்டர் மில்லுக்கு. பிரமோஷன் விக்னேஷ்குமாருக்கு.

வகுப்பு களைகட்டியது. வீ டோண்ட், வீ நெவர், நோபடி, நாட் அட் ஆல் என்று விதவிதமான இல்லைகளை, ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு பெண்கள் கிளிப்பிள்ளைகளாகச் சொன்னார்கள்.

முன்வரிசையில் சித்தையன்கோட்டை சுகன்யா. ஊரில் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்து ஒன்பது வாரமாகிறது. ஒரு எட்டுப் போய்ப் பார்க்க லீவு கேட்கும்போதெல்லாம், ஆர்டர் முடியட்டும்மா என்று மேனேஜர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"இதுகளுக்கு என்ன சார் புரியப் போகுது? சொன்னதைச் சொன்னாச் சரி," என்று ஹாதியிடம் சிரித்தார்.

அந்த அம்மா வந்தார். மேனேஜரை வெளியே இருக்கச் சொன்னார். மேனேஜர் நகருவாரா? வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

யாராவது அடிப்பதுண்டா என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் கேட்டார்.

"நோ மேடம். நோபடி," என்றாள் சுகன்யா. மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைக்குமா?"

"நோ மேடம். நெவர்."

"செல்போனை உங்கள் கையில் வைத்திருக்கிறீர்களா?"

"வீ டோண்ட், மேடம்."

"அவசரம் என்றால் ஊருக்குப் போய்வர விடுவார்களா?"

"நாட் அட் ஆல்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டதே. மேனேஜர் ஓடிவந்து, அசட்டுச் சிரிப்போடு சமாளித்தார். பாவம், பட்டிக்காட்டுப் பெண்கள், கேள்வியே விளங்காமல் எதைக் கேட்டாலும் நோ என்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்.

எழுதிக்கொண்டிருந்த அந்த அம்மா பேனாவை நிறுத்தினார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. சுகன்யாவைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்.

"நான் கேட்டதெல்லாம் உனக்குப் புரிந்ததா?"

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். கோட்டை மாரியம்மா, இதற்கும் இந்தப் பெண் நோ என்றே சொல்லிவிட்டால் உனக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று மனதுக்குள் வேண்டினார்.

சுகன்யா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"யெஸ் மேடம்," என்றாள்.