கலங்கரை விளக்கக் கட்டுரையின் கடைசிப் பக்கம்

ரொசாரியோ நகரத்து ஞாயிற்றுக்கிழமை வெயில் கொடிப்பந்தல் வழியே பொட்டுப் பொட்டாக என் புத்தகத்தின் மேல் விழுகிறது. புத்தகமோ என் வீட்டுக்காரர் எவரிஸ்தோ கையில். பத்திரிகையில் வந்தபோதே நான் உயிரை விட்டுப் படித்த கட்டுரைகள், இப்போதுதான் தொகுப்பாகியிருக்கின்றன. நேற்று வாங்கினேன், நான் இன்னும் திறக்கக்கூட இல்லை. அவருடைய மறு கையில் மாத்தேக் குடுவை. மாற்றி மாற்றி ஒரே குழலில் உறிஞ்ச வேண்டிய கசப்புத் தேநீர், அவர் வாயருகிலேயே நிற்கிறது. "அது மைக் இல்ல. குடிச்சிட்டு இங்க குடுங்க." "இரு, இரு. என்னமா எழுதுறான் இந்த ஆளு! இத்தனை வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

சொல்லவில்லையாம்! ஞாயிறுதோறும் இறைச்சி சுட, கரி பற்றவைக்க இவர் சுருட்டிக் கொளுத்தியதெல்லாம் அந்த ஆள் எழுதிய பக்கங்கள்தான். கலங்கரை விளக்கக் காவலாளி பற்றிய கட்டுரையின் கடைசிப் பக்கமும் அப்படித்தான் போனது. அவன் ஊர் திரும்பினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "இதக் கேளேன், கலங்கரை விளக்கத்துல ஒருத்தன்..." "ஐயோ, வாயத் திறக்காதீங்க!" "பாவம், கடைசிவரைக்கும் அவன் ஊருக்கே வரலடி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன தண்ணீரைக் குடுவையில் ஊற்றி, புத்தகத்திலிருந்து பார்வையை எடுக்காமலே என்னிடம் நீட்டுகிறார். உறிஞ்சி முடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது, "நன்றி" என்கிறேன். எங்கள் ஊரில் அதற்கு, இனி உன் கையால் எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். இப்போதுதான் தலையைத் தூக்குகிறார்.